நாலாம் நம்பர் மெஷினில் நீல வட்டம்

சஸ்பென்ஷன் உத்தரவை அடித்துத் தரும் வேலை தமிழ்ப்ரியாவுக்கு வந்தது.

“மலையாளத்துலயே அடிச்சிரு. ஹெட் ஆபீசுக்கும் ஒரு காப்பி போகணும்” என்றார் மேனேஜர் பூபதிராஜா. கையால் எழுதிய குறிப்பை அவள் மேஜைமேல் போட்டுவிட்டு, நின்றபடியே டீயைக் குடித்தார்.

குறிப்பில் நாலே வரிகள். ஆறுமுகசாமி, வயது ஐம்பத்து நான்கு, காலை ஷிஃப்ட் ஆபரேட்டர். நாலாம் நம்பர் மெஷினின் பாதுகாப்பு மூடி பழுதாகியிருந்தும் டேப்லெட்டில் ‘சரி’ என்று பொய்யாகப் பதிவு செய்தார். அதன் விளைவாக மதிய ஷிஃப்ட் தொழிலாளி நாச்சம்மாள் வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். விசாரணை முடியும்வரை அவர் ஆலைக்குள் வரக்கூடாது.

தமிழ்ப்ரியா ‘பொய்யாக’ என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“சார், பொய்யாகன்னு போடணுங்களா?”

“பின்ன எப்படிப் போடறது? மதியம் ஒண்ணு முப்பத்தொண்ணுக்கு டேப்லெட்ல பச்சை குத்தியிருக்கார். அவர் மூஞ்சியோட பதிவாயிருக்கு. ஆளு பொய் சொல்லலாம் தமிழு, டேட்டா சொல்லாது.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை. பச்சை குத்தச் சொன்னவர் இவர். அதை ஆலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்து, பச்சை குத்தியவனுக்கு உத்தரவு அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காது மடல்கள் சுட்டன. ஆனாலும் அடித்தாள். அந்தக் கோபம் அன்றைக்கு அவள் விரல்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

*

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கால்நடைத் தீவன ஆலை. சுற்றுவட்டாரத்துப் பால் சங்கங்களுக்கெல்லாம் மூட்டை அங்கிருந்துதான் போகும். தவிடு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு எல்லாம் அரைபட்டு, மொலாசஸ் சேர்ந்து, குச்சி குச்சியாக வெளியே வரும். மெஷின் ஹாலில் நடந்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு சத்தம் போடும். கரும்புப்பாகு வாசனை சேலையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது போகிற ஆளும் வருகிற ஆளும் கால் மணி நேரம் ஓடுகிற மெஷின் பக்கத்தில் சேர்ந்து நிற்பார்கள். ‘கூட நிக்கறது’ என்று அதற்குப் பெயர். “இது இன்னிக்கு வேற மாதிரி சத்தம் போடுது, கேளு” என்பார் போகிறவர். வருகிறவர் காதைக் கொடுப்பார். பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார். யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. எழுதாததால் அப்படி ஒன்று நடப்பதே ஆபீசுக்குத் தெரியவில்லை.

போன ஆவணியில் ‘முழு டிஜிட்டல் ஆலை’ திட்டம் வந்தது. கொச்சியிலிருந்து ரிஜின் என்ற இளைஞர் லேப்டாப்போடு வந்தார். சாஃப்ட்வேர் நிறுவனத்து ஆள். மொத்தம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஏசி அறையில் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை மெஷின் ஹாலின் வாசல்வரை வந்து, தரையைப் பார்த்தார், தன் வெள்ளை ஷூவைப் பார்த்தார், அங்கிருந்தபடியே கையாட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு தொழிலாளியிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பதினேழு மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் டேப்லெட்டில் ஆறு கேள்விகள். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஷிஃப்ட் ஒப்படைப்பு இனி டேப்லெட் வழியாக என்பதால் அந்தக் கால் மணி நேரம் வீண் என்று கணக்கெழுதி வெட்டிவிட்டார்கள். இரண்டு மணிக்குப் போகிறவர்கள் பின்வாசலில் முகம் காட்ட வேண்டும். வருகிறவர்கள் அதே இரண்டு மணிக்கு முன்வாசலில் முகம் காட்ட வேண்டும். பத்து வருடம் அருகருகே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே நின்றுபோனது.

முதல் வாரத்தில் ஒருவர் உள்ளபடியே சிவப்பைத் தொட்டார். மொத்த லைனும் பூட்டிக்கொண்டது. திறக்கும் அதிகாரம் கொச்சிக்கு மட்டும்தான். திறக்க நாலு மணி நேரம் ஆனது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பூபதிராஜா போட்ட சத்தம் எல்லா மெஷினையும் மீறிக் கேட்டது.

அன்று சாயந்தரம் தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டார். அவள் கழுத்தில் ‘டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர்’ என்ற அட்டை புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“ஆளுகளுக்குச் சொல்லிக் குடு தமிழு. எல்லாம் பச்சை. பழுது ஏதாச்சும் இருந்தா வாயால சொல்லிக்கட்டும்.”

அவள் சொல்லிக் கொடுத்தாள். மெஷின் மெஷினாகப் போய், “அண்ணா, இந்த ஆறையும் பச்சை குத்திருங்க, அவ்வளவுதான்” என்றாள்.

நாச்சம்மாள் வெடித்துச் சிரித்தாள். “எங்கம்மாளுக்குக் கையில குத்துனாங்க. எனக்கு மெஷின்ல குத்தச் சொல்றியா? வலிக்காதுல்ல கண்ணு?”

சரி, வாயால் சொல்வது என்றால் எதிரில் ஆள் வேண்டாமா? அதற்கும் நாச்சம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். குடோனில் மூட்டைக்கு அடையாளம் போடுகிற நீலச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து வந்து மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் கோடு போட்டாள். ஒரு கோடு என்றால் சூடாகிறது. இரண்டு கோடு என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. வட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி என்றால், ‘கை வைக்காதே, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடு.’ தகடு சுத்தமாக இருந்தால் பயமில்லை. ஒரே வாரத்தில் பதினேழு மெஷின்களுக்கும் அது பரவிவிட்டது.

ஐந்து மாதம் ஆலை அந்தச் சாக்பீஸில் ஓடியது. கொச்சியிலிருந்து மாதாமாதம் அறிக்கை வரும்: தொண்ணூற்றாறு சதவீதம் பச்சை. கடைசிப் பக்கத்தில் ரிஜின், ‘மனிதத் தவறுகள் வெகுவாகக் குறைந்துள்ளன’ என்று எழுதியிருப்பார்.

*

ஹெட் ஆபீஸ் டைரக்டர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்த நாள் அது. வியாழக்கிழமை.

காலை பதினோரு மணிக்கு ஆறுமுகசாமி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நாலாம் நம்பர் மெஷினில் தீவனத்தை முன்னால் தள்ளுகிற இரும்புத் திருகு ஒன்று உண்டு. அதன் மூடியைத் தூக்கினால் கரண்ட் தானாக நிற்க வேண்டும்.

“அம்மிணி, மூடியைத் தூக்குனா நிக்க மாட்டீங்குது. உள்ளார சுவிட்சு போயிருச்சுங்க. சிவப்பு குத்தட்டுங்களா?”

தமிழ்ப்ரியா பூபதிராஜாவிடம் ஓடினாள். அவர் வரவேற்பு பேனரின் எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கா? அவிய வந்து நிக்கறப்ப லைன் பூட்டிக்கோணுமா? இன்னைக்கு ஒரு நா ஓட்டு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அவள் திரும்பி வந்து சொன்னாள். “பச்சையே குத்திருங்க சாமியண்ணா. நாச்சக்கா வந்ததும் நானே சொல்லிப்போடறேன்.”

“சரி அம்மிணி. எதுக்கும் நானும் வட்டம் போட்டுப்போடறேன்.”

ஒன்றரை மணிக்கு பூபதிராஜாவிடமிருந்து புது உத்தரவு வந்தது. மெஷின்மேல் ஒரு கிறுக்கல் இருக்கக்கூடாது. டிஜிட்டல் ஆலையில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் துடைத்து, துடைப்பதற்கு முன் ஒரு படம், துடைத்த பின் ஒரு படம் என எடுத்து வாட்ஸப்பில் அவருக்கு அனுப்ப வேண்டும்.

துடைக்க ஆள் போதவில்லை. தமிழ்ப்ரியாவே ஈரத்துணியை எடுத்தாள். நாலாம் நம்பர் தகட்டில் வட்டம் இருந்தது. அழுத்தமாக, உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் பெருக்கல் குறியோடு. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். நாச்சக்கா இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். படம் எடுத்தாள். துடைத்தாள். மறுபடியும் படம் எடுத்தாள். அனுப்பினாள்.

பூபதிராஜாவிடமிருந்து உடனே கட்டைவிரல் படம் வந்தது.

அதற்குப் பின்னாலேயே போனும் வந்தது. “எங்க இருக்க? வண்டி கேட்டுக்குள்ள வந்துருச்சு. டேப்லெட்டை எடுத்துட்டு ஓடி வா. அவியளுக்கு நீதான் காட்டோணும்.”

அவள் ஓடினாள். டைரக்டர்கள் முன்னால் நின்று திரையைத் தடவித் தடவிக் காட்டினாள். எல்லாம் பச்சை. யாரோ, “அருமை” என்றார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

இரண்டு இருபதுக்கு மெஷின் ஹாலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஈரத்தவிடு கட்டியாக அடைத்துக்கொண்டதில் திருகு நின்றுவிட்டிருந்தது. நாச்சம்மாள் தகட்டைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மூடியைத் தூக்கிவிட்டுக் கையை விட்டுக் கட்டியைப் பறித்தாள். கட்டி வந்தது. கரண்ட் நிற்காத திருகு, அடைப்பு விலகியதும் சுற்றத் தொடங்கியது.

*

உத்தரவை அடித்த மறுநாள், சனிக்கிழமை, தமிழ்ப்ரியா பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

நாச்சம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை தலையணையளவு கட்டோடு மார்மேல் கிடந்தது. அவள் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு மாசமா ஒரு நா தப்புனதில்ல தமிழு. அந்த மனுசன் கோடு போடாம ஊட்டுக்குப் போனதே இல்ல. அன்னிக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்? பின்வாசல்ல பொண்டாட்டி காத்துட்டு நின்னாளா?”

“அக்கா...”

“நான் பாத்துட்டுத்தான் கைய வெச்சேன். சும்மா வெக்கல. தகடு தொடச்சு வெச்சாப்பல இருந்துச்சு. சுத்தமா இருந்தா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்? நானே சொன்ன அர்த்தம். நானே நம்பிக் கைய வெச்சேன்.” இடது கையால் போர்வையைக் கசக்கினாள். “போலீஸ்காரர் வந்து கேட்டாரு. சாமியண்ணன் பேரைச் சொல்லிப்போட்டேன். நான் சொன்னதுல தப்பிருக்குதா, நீயே சொல்லு.”

தமிழ்ப்ரியா பையை எடுத்துக்கொண்டாள். “நான் திங்கக்கிழமை வர்றேங்க்கா” என்று சொல்லி எழுந்துவிட்டாள். படியிறங்கும்போது தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

எலப்புள்ளி பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது பால் சங்கத்து வாசலில் ஆறுமுகசாமி காலிப் பால்கேனோடு நின்றிருந்தார். பால் ஊற்றி வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகத் தோன்றாமல் நிற்கிறவர் போல நின்றார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

“அம்மிணி, உங்களைத்தான் கேக்கோணும்னு இருந்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “நான் அன்னிக்கு வட்டம் போட்டனுங்களா?”

அவள் திகைத்துப்போனாள்.

“போட்டாப்பலதான் இருக்குது. ஆனா சங்கத்துல எல்லாரும் கேக்கறாங்க. அந்தப் பொண்ணும் தகடு சுத்தமா இருந்துச்சுங்குது. அது பொய் சொல்ற ஆளில்லீங்க. ராவும் பகலும் ரோசிக்கறேன். முந்தின நாள் போட்டதைத்தான் அன்னிக்குப் போட்டதா நெனைக்கறனோ என்னமோ. போட்டிருந்தா எங்க போகும்? அப்ப நான் போடலீங்க அம்மிணி. நாந்தான் அந்தப் பொண்ணு கைய எடுத்திருக்கறேன்.”

முப்பது வருடமாக மெஷின் சத்தத்தை வைத்தே பழுது சொல்லும் மனிதர் தன் கையையே நம்பாமல் நின்றார். வேலையைப் பிடுங்கினால் கோர்ட்டில் கேட்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நிமிடம்தான் தமிழ்ப்ரியாவின் கோபத்துக்கு எலும்பு முளைத்தது.

“போட்டீங்க அண்ணா” என்றாள். “நான் பாத்தேன்.”

“நெசமாலுமா?”

“திங்கக்கிழமை அன்வேஷணத்துக்கு வாங்க. அங்க சொல்றேன்.”

விசாரணைக்கு ஆலையில் எல்லோரும் மலையாளச் சொல்லான அன்வேஷணம் என்பதைத்தான் சொல்வார்கள்.

*

விசாரணை அதிகாரியாக வந்தவர் ஏசுரத்தினம். மூணாறு பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஆலையின் ஆலோசகராக இருப்பவர். பெரிய உடம்பு, சின்னக் கண்கள். சுவரில் மாட்டியிருந்த திரையில் கொச்சியிலிருந்து ரிஜினின் முகம் தெரிந்தது. குறிப்பெடுக்க லேப்டாப்போடு தமிழ்ப்ரியா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பூபதிராஜா ஒரு காகிதத்தை நீட்டினார். “ஒண்ணு முப்பத்தொண்ணு சார். நாலாம் நம்பர். மூடி பாதுகாப்பு: சரி. முகப்பதிவும் இருக்கு.”

ஏசுரத்தினம் ஆறுமுகசாமியைப் பார்த்தார். “நீரு தான் போட்டீரா?”

“ஆமாங்க.”

“மூடி வேலை செய்யலைன்னு உமக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு சரின்னு போட்டீரு?”

ஆறுமுகசாமி ஒரு கணம் தமிழ்ப்ரியாவின் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“பழக்கமுங்க” என்றார்.

அவ்வளவுதான். அவள் பெயரைச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டு, தன்னைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நோட் பண்ணிக்க தமிழு” என்றார் பூபதிராஜா. “பழக்கமாகவே பொய்ப் பதிவு.”

தமிழ்ப்ரியா லேப்டாப்பை மூடினாள். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் அடிக்க மாட்டேங்க.”

“என்ன?”

“பொய்யின்னு இன்னொரு தடவை நான் அடிக்க மாட்டேன். அந்தப் பழக்கத்தைப் பழக்குனதே நான். எனக்குச் சொன்னது நீங்க.”

“தமிழு, குறிப்பெடுக்கத்தான் உன்னை உக்கார வெச்சிருக்கு.”

“பேசட்டும்யா” என்றார் ஏசுரத்தினம்.

அவள் எழுந்து நின்றாள்.   முதல் வாரம் லைன் பூட்டியதைச் சொன்னாள். பச்சை குத்தச் சொன்ன சாயந்தரத்தைச் சொன்னாள். கால் மணி நேரத்தை வெட்டியதையும் சாக்பீஸ் வந்ததையும் சொன்னாள். ஆறுமுகசாமி பதினோரு மணிக்கே வந்து பழுதைச் சொன்னதையும், ‘இன்னைக்கு ஒரு நா ஓட்டு’ என்ற பதிலையும் சொன்னாள்.

“இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?” பூபதிராஜா சிரித்தார். “சாக்பீஸாம், வட்டமாம். ஹாலுக்குப் போய்ப் பாருங்க சார், ஒரு கோடு கெடையாது. மாட்டிக்கிட்டதும் ஆளாளுக்குக் கதை கட்டறாங்க.”

தமிழ்ப்ரியா தன் போனை எடுத்து ஏசுரத்தினத்தின் முன் வைத்தாள்.

படத்தில் நாலாம் நம்பர் மெஷினின் பக்கவாட்டுத் தகடு. நடுவில் நீல வட்டம். வட்டத்துக்குள் பெருக்கல் குறி. கீழே நேரம்: ஒன்று ஐம்பத்திரண்டு.

“இது என்னம்மா குறி?”

“கை வைக்காதேன்னு அர்த்தமுங்க. சாமியண்ணன் போட்டது. அடுத்த படத்தையும் பாருங்க.”

அடுத்த படத்தில் தகடு பளபளத்தது. ஒன்று ஐம்பத்தைந்து. அதன் கீழே பூபதிராஜாவின் கட்டைவிரல்.

“தொடச்சது யாரு?”

“நான்” என்றாள் தமிழ்ப்ரியா. “சார் தொடைக்கச் சொன்னார். நான் தொடச்சேன். அர்த்தம் தெரிஞ்சேதான் தொடச்சேன். நாச்சக்காகிட்டச் சொல்லிப்போடறேன்னு வாக்கும் குடுத்திருந்தேன். டைரக்டருங்களுக்குப் பச்சையைக் காட்டப் போயிட்டேன்.”

ஆறுமுகசாமி போனை எட்டிப் பார்த்தார். தன் கை போட்ட வட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். தோள்கள் இறங்கின. “போட்டிருக்கறேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தமிழ்ப்ரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

“நூறு படம் வந்துச்சு சார்” என்றார் பூபதிராஜா. குரல் ஏறியது. “ஒவ்வொண்ணையும் திறந்து பாக்க முடியுமா?”

“பாக்காமலா ஓய் கட்டைவிரலைப் போட்டீரு?” ஏசுரத்தினம் போனைத் தள்ளி வைத்தார். “அப்போ உம்ம கட்டைவிரலும் அவரு போட்ட பச்சையும் ஒண்ணுதான். அவரையாவது ஒருத்தர் போடச் சொன்னாக. உம்மள யாரு சொன்னா?”

திரையில் ரிஜின் தொண்டையைச் செருமினார். “சார், எங்க சைடுல சிஸ்டம் கரெக்ட்டா வர்க் பண்ணியிருக்கு. இன்புட் தப்பானா...”

“நீங்க பேசாதீங்க!” தமிழ்ப்ரியா திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள். ஆலையில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. “மூணு தடவை வந்தீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ள வந்து, ‘நீங்க எப்படி வேலை மாத்திக்கறீங்க’ன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா அந்தக் கால் மணி நேரத்தை வெட்டியிருக்க மாட்டீங்க. ஆளுகளை எடுத்துப்போட்டு அந்த எடத்துல ஆறு கேள்வி வெச்சீங்க. ஏழாவது கேள்விக்கு ஒரு பொம்பளை கையைக் குடுத்திருக்கா.”

 ஆறுமுகசாமி மீதான உத்தரவை நிறுத்தி வைப்பதாகவும், போலீசுக்கு இந்தப் படங்களைத் தானே அனுப்புவதாகவும் ஏசுரத்தினம் சொன்னார். மற்றதை ஹெட் ஆபீஸ் முடிவு செய்யும் என்றார். அது எந்தப் பக்கம் முடியும் என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் பூபதிராஜா அவளை வழிமறித்தார். “உனக்கும் மெமோ வரும்.”

“வரட்டுங்க. குறிப்பு எழுதிக் குடுங்க, நானே அடிச்சுத் தர்றேன். மலையாளத்துலயே.”

மதியம் ஒரு மணிக்கு நாச்சம்மாளுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மழுப்பவில்லை. 

“சாமியண்ணனை வரச் சொல்லு” என்றாள் நாச்சம்மாள். “நீ வராத.”

போன் அணைந்தது.

*

ஒன்றே முக்கால் மணிக்கு தமிழ்ப்ரியா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மெஷின் ஹாலுக்குள் நுழைந்தாள். நாச்சம்மாள் நின்ற இடத்தில் நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த செல்வப்பிரியா என்ற புதுப்பெண்ணை இரண்டு மணிக்கு நிறுத்தப்போகிறார்கள். அந்தப் பெண் இப்போதே வந்து, முன்வாசலில் முகம் காட்டாமல், மெஷினைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நம்பரில் சுவிட்சை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்று கத்தினாள் தமிழ்ப்ரியா. “நான் சொல்லிக் குடுத்ததை மறந்துருங்க. இன்னிக்குக் கண்ணால பாக்கறதை மட்டும் குத்துங்க.”

“லைன் பூட்டிக்குமே?” என்றார் ஒருவர்.

“பூட்டட்டும்.”

“மேனேஜர் சத்தம் போடுவாரே?”

“போன தடவை சத்தந்தான் போட்டாரு. யார் விரலும் போகல.”

 ஆறுமுகசாமி முன்னால் வந்தார். ஆலைக்குள் வரக்கூடாது என்று மூன்று நாள் சொல்லப்பட்டிருந்தவர். நாலாம் நம்பர் திருகின் மெயின் சுவிட்சை அணைத்தார். மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி மூடிவிட்டு, மெஷினைப் போட்டு, மூடியை விரலிடையளவு தூக்கினார். திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

 தமிழ்ப்ரியா கையிலிருந்த டேப்லெட்டில், தன் தடித்த ஆள்காட்டி விரலால், சிவப்பைத் தொட்டார்.

லைன் பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது. அந்த ஹாலில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. அந்த அமைதியில் டேப்லெட் கைமாறிக் கைமாறிப் போனது. ஏழாம் நம்பர், பெல்ட். சிவப்பு. ஒன்பது, சூடு. சிவப்பு. பதினொன்றில் இருந்தவர் ஆறு கேள்விக்கும் சிவப்பைக் குத்திவிட்டு, “இது மெஷினே இல்லீங்க, இரும்புக் கடைக்குப் போடோணும்” என்றார். சிலர் சிரித்தார்கள். கோபமான சிரிப்பு.

ஐந்து மாதத்துப் பொய் பத்து நிமிடத்தில் திரையில் சிவந்தது. பதினேழில் பதினொன்று.

மேலே கண்ணாடி அறையிலிருந்து பூபதிராஜா படியிறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. அதற்குள் தமிழ்ப்ரியாவின் போன் அடித்தது. கொச்சி.

“தமிழ்ப்ரியா, எந்தா இது? பதினொண்ணு ரெட்! சர்வர் கம்ப்ளெயின்ட்டோ?”

“சர்வருக்கு ஒண்ணுமில்லீங்க.”

“பின்னே? இங்கே இருந்து எது ஓப்பன் பண்ணணும், எது பண்ணக்கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அங்க இருந்து தெரியாதுங்க” என்றாள். எதிரில் செல்வப்பிரியா இப்போது நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். ஆறுமுகசாமி குனிந்து மூடியைக் காட்டி அவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையில் நீலச் சாக்பீஸ். பின்வாசல் கேமரா இரண்டு மணியைத் தாண்டி யார் முகத்துக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

“நீங்க கெளம்பி வாங்க. வந்து உள்ள நின்னு பாருங்க. அதுக்கப்புறம் தொறக்கலாம்.” தரையைப் பார்த்தாள். “அந்த வெள்ளை ஷூ வேண்டாம். ஒட்டும்.”